கம்ப்ரசருக்குப் போகாத வயர்

21.5.2009, வியாழன்.

இன்று வேலையில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ராயப்பன்பட்டி லூர்துநாதன் அய்யா வீட்டு ஏசியில், மாடியில் இருக்கும் கம்ப்ரசருக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை மாட்டிவிட்டேன்.

ராஜமணி சார், ஏசி மெக்கானிக் மாலை வகுப்பு நோட்டில் அன்றன்று செய்த வேலையையும் தவறையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை கையெழுத்துப் போடும்போது, வயரை மாட்டுவது எப்படியடா தவறாகும் என்று கேட்பீர்கள். எனக்கும் காலையில் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அய்யா திராட்சைத் தோட்டக்காரர். மகள் மெர்லின் அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் அழைத்துவந்த மூன்றாம் நாளே அக்கா, இந்த வெயில் தாங்காது, கோயம்புத்தூரில் மாமியார் வீட்டில் ஏசி இருக்கிறது, அங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தலைப்பிள்ளை மாமியார் வீட்டில் பிறந்தால் கோவிலில் யார் முகத்தைப் பார்ப்பது என்று அய்யா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் கடைக்கு வந்து ஏசி வாங்கினார். ஏப்ரல் ஆறாம் தேதி நான்தான் போய் மாட்டினேன்.

எட்டாம் தேதி என் பையில் ஒரு திருகு கூடுதலாகக் கிடந்தது. எங்கே போடவேண்டிய திருகு என்று யோசித்ததில், அய்யா வீட்டில் கம்ப்ரசர் வயரை நான் மாட்டவே இல்லை என்பது தெரிந்தது. இரண்டு நாளாக அந்த ஏசி வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் அய்யாவின் மனைவி வியாகுலமேரி அம்மா, குளிர் வெளியே போகிறது, சாத்திவிட்டு உள்ளே வா என்றார். அக்கா கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருந்தார். அய்யா காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"தம்பி, நல்லவேளை வந்த. குளிரு தாங்க முடியல. செத்தக் கம்மி பண்ணி விடு" என்றார் அக்கா.

நான் ரிமோட்டை வாங்கி இருபத்திரண்டை இருபத்தாறு ஆக்கினேன். இப்போதுதான் இதமாக இருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். தயார் செய்த வாக்கியத்தை எங்கே சொல்வது என்று தெரியாமல், கொடுத்த திராட்சையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் அளக்காமல் விடக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். மறுநாள் வெப்பமானியோடு போனேன். முப்பத்தொன்று காட்டியது. வெளியே வராந்தாவிலும் முப்பத்தொன்று. நாலு பேர் வெடவெடக்கும் அறையில் முப்பத்தொன்று காட்டுகிறதே என்று, வெப்பமானியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலாவது ஆள் நான்தான்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. ஏசி பைப்பில் சொட்டும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம் என்று யாரோ சொல்லி, அம்மா வாளி வைத்துக் காத்திருந்தார். குளிராத ஏசியில் தண்ணீர் எப்படி வரும்? நான் மாடியில் ஒரு கேனை மறைத்து வைத்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வாங்கி, கேனிலிருந்து அந்தப் பைப்புக்கு இணைத்தேன். நிமிடத்துக்கு இருபது சொட்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை சர்வீஸ் என்று சொல்லி மேலே ஏறி நிரப்புவேன். செடி நன்றாகத் துளிர்த்தது. ஏசித் தண்ணீருக்குத் தனிச் சத்து என்று அம்மா பக்கத்து வீட்டுச் செடிக்கும் ஒரு செம்பு கொடுத்துவிட்டார்.

இந்த மே மாதத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் மாட்டிய ஏசியெல்லாம் அடிக்கடி முனகிக்கொண்டு நின்றுவிடும். கம்ப்ரசர் ஓடாததால் அய்யா வீட்டு ஏசி மட்டும் நிற்காது. ராயப்பன்பட்டியில் சதாம் மாட்டிய ஏசி வோல்டேஜ் இல்லாவிட்டாலும் ஓடுகிறது என்று பேச்சாகி, கம்பம் ஜவுளிக்கடை கமால் பாய் என்னைத்தான் அனுப்பவேண்டும் என்று எங்கள் கடையில் கேட்டு, தன் வீட்டுக்கு ஒன்று வாங்கினார். அவர் எதிர்பார்ப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் அந்த வயரை மாட்டவில்லை. கமால் பாய் இப்போது ஸ்வெட்டர் போட்டுத்தான் தூங்குகிறார். அதற்குப் பிறகு உத்தமபாளையத்தில் நாலு வீடு. மொத்தம் ஆறு வீடு, ஆறு கேன். ஒரு புகாரும் இல்லை.

நேற்று வகுப்பில் நீங்கள் வயரிங் படம் போட்டு, இந்த வயர் எதற்கு என்று என்னை எழுப்பிக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. போன வாரம் அய்யா ஏசிக் குளிரில் சளி பிடித்து ஊசி போட்டுக்கொண்டார் என்பது அப்போது ஞாபகம் வந்து உறுத்தியது. இன்று காலை போய், யாரிடமும் சொல்லாமல் வயரை மாட்டினேன்.

பத்து நிமிடம் அறை உண்மையாகவே குளிர்ந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு கம்ப்ரசர் இழுத்த இழுப்பில் வோல்டேஜ் இறங்கியது. கம்ப்ரசர் முனகியது. ஸ்டெபிலைசர் டக்கென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. மத்தியானத்துக்குள் ஏழு முறை. அக்கா நெற்றியில் வியர்வையோடு எழுந்து உட்கார்ந்து, கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கார் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பெட்டியும் கட்டியாகிவிட்டது. அய்யா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒன்றரை மாதமாக வந்தது வெறும் காற்று, இன்று வந்ததுதான் குளிர் என்றேன். கேனைக் கீழே கொண்டுவந்து காட்டினேன்.

அய்யா கேனைப் பார்க்கவே இல்லை.

"ஏலே, ஒன்றரை மாசம் காதுல பஞ்ச வச்சுப் படுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா குளிரு எதுன்னு? நல்லா ஓடுனதத் தொட்டுக் கெடுத்துப்புட்டு, கதையா சொல்ற?"

"ஊசி போட்ட டாக்டரே ஏசிக் குளிருன்னுதான சொன்னாக" என்றார் அம்மா.

அக்கா மட்டும் என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, ரிப்பேரு பண்ணத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அதுக்குன்னு இப்பிடியா பொய் சொல்லுவாக?"

வாசல்வரை வந்த அய்யா என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். கோபம் போய்விட்டிருந்தது.

"சதாமு, என்ன பண்ணுவியோ தெரியாது. காரு வர்றதுக்குள்ள பழையபடி ஆக்கிரு. புள்ள இங்கன பொறக்கணும்டா."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் ஆறு வீட்டுக்காரர்கள், ஒரு டாக்டர், ஒரு கறிவேப்பிலைச் செடி. இன்னொரு பக்கம் இன்னும் பரீட்சை எழுதாத நானும் திருப்பிக் கொடுத்த வெப்பமானியும். என் கணக்கில்தான் பிழை இருக்கவேண்டும். நீங்கள் போட்ட படத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது, சார்.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு ராயப்பன்பட்டி போய் வயரைக் கழற்றவேண்டும். கேனை நிரப்பவேண்டும். மெர்லின் அக்கா எழுவதற்குள் அறை நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும்.