ஒரு முறம் தவிடு

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. பின்னால் தோட்டக் கூலிகளின் லயத்தில் தகரம் தட்டும் சத்தம். மூன்று தட்டு என்றால் ஒரு சாவு. விடிந்ததிலிருந்து இரண்டு முறை கேட்டாயிற்று.

"லயத்த அடைக்கப் போறாங்க! ஸ்டேஷனுக்கு ஓடு, அஞ்சல!" கங்காணி கத்துகிறார்.

ஜெர்மன் சண்டையின் கடைசி வருஷம். ஐப்பசி. மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம். குண்டு எங்களைத் தேடி வரவில்லை. காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை என் புருஷனைப் புதைத்தோம். புதன்கிழமை பக்கத்து வீட்டுச் செல்லம்மாவை. இடுப்பில் இருந்தது அவள் மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. மூன்று வயது. பேர் தவிட்டம்மா.

செல்லம்மாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால் மூன்றாவதை எனக்கு விற்றாள். விலை ஒரு முறம் தவிடு. எமன் கண்ணில் மண்ணைத் தூவ நம் சனங்கள் செய்கிற சடங்குதான். ஐந்து வயதானதும் பெற்றவளே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டும். அதுவரை பிள்ளை என்னை அம்மா என்றது. பாலுக்கு மட்டும் அவளிடம் ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. என் வயிற்றில் ஒன்றும் தங்கியதில்லை. செத்தவள் மேல் பொறாமையா என்பீர்கள். ஆமாம், பொறாமைதான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குத் துணி துவைத்துப் பிழைத்தேன். மூன்றாம் மாதம் செல்லம்மாவின் தங்கை காத்தாயி பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டாள். கோர்ட்டில் அவளைக் கண்டதும் தவிட்டம்மா தாவியது. அதே முகம். அதே மூக்குத்தி. பாவி, அக்காளை அப்படியே உரித்து வைத்திருந்தாள்!

பிள்ளை எப்படி உன்னிடம் வந்தது? வெள்ளைக்கார ஜட்ஜ் துரை கேட்டதைத் துபாசி தமிழில் சொன்னார்.

"வெலைக்கு வாங்கினேன் சாமி." பெருமையாகச் சொன்னேன்.

துரையின் முகம் சிவந்தது. பிள்ளை வாங்குவது குற்றமாம். எனக்குச் சிறை, பிள்ளைக்கு அநாதை விடுதி என்றார் துபாசி.

"ஐயோ, அனுப்பாதீங்க!" காத்தாயி கத்தினாள். "அது வெறும் தவிடு சாமி! முறத்தப் பிடிச்சவளே நாந்தான். வித்த கைதான் மீட்கணும். அந்தக் கை மண்ணுக்குள்ள போயிருச்சு. நான் மீட்டா உசுரு தங்காது. அவகிட்டயே இருக்கட்டும்!"

துரை வெகுநேரம் எழுதினார். முத்திரை வைத்த காகிதம் வந்தது. பிள்ளைக்கு இனி நானே பொறுப்பு. காத்தாயி மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

முதல் மாதம் வந்தாள். பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கவில்லை. மறு மாதம் கதவைத் தாழிட்டேன். தட்டினாள். மூன்று தட்டு. எண்ணினேன். திறக்கவில்லை. பிறகு அவள் வரவே இல்லை.

எங்கள் லயத்தில் அந்த ஐப்பசியில் போனவர்கள் பதினோரு பேர். அதில் என் புருஷன் ஒருவர். செல்லம்மா ஒருத்தி. தவிட்டம்மா இழந்தவர்கள் கணக்கில் இன்னொருத்தியும் உண்டு. அவளைக் கொண்டுபோனது காய்ச்சல் இல்லை. நான்.