சரத்தை மிதித்து வந்த வேலுத்தாய்

ஏலக்காய் மூட்டைகளையே மேடையாக்கி அமர்ந்திருக்கும் படைத்தலைவர் முத்துக்கண்ணன் அவர்களே, இந்த ஏலக்காய் ஸ்டோருக்குள் நம்மோடு அடைபட்டுக் கிடக்கும் தாய்மார்களே, அண்ணன் தம்பிமார்களே! முதலில் மன்னிப்பு. முற்றுகையில் வேறு வேலை இல்லாமல் போன மாதம்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு நிற்கிறது. திக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நானே எழுதினேன்!

அரசர்களும் நெருப்புப் பறவைகளும் மோதும் இந்தப் பெரும்போரில் நம் குதிரை ஒற்றர் வேலுத்தாயை யார் பாடப்போகிறார்கள்? ஜீப்புகளில் டீசல் தீர்ந்தபின், மூட்டை சுமந்த மட்டக்குதிரை செவலையில் ஏறி வேவு பார்த்தவர் அவர். கீழே போடி நகரின் விளக்குகள் தெரிகின்றன, இறங்கத்தான் வழியில்லை. அந்த வழியைத் தேடித் தினமும் போனவர் அவர் ஒருவரே!

எதிரியின் உருமாறிகள் நம் முகத்தோடு வருகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நமக்கு இருப்பது ஒரே அடையாளம். ஏலச்செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய் பிடிக்கும். அதை மலைக்காரர் எவரும் மிதிக்கமாட்டார். உருமாறி மிதிப்பான். வேலுத்தாயோ சரத்தைக் கண்டாலே இறங்கி, குதிரையை ஒதுக்கி நடத்திக் கூட்டிவருவார்.

"குதிரைய நீ சொமக்கிறியா, அது ஒன்னயச் சொமக்குதா?" என்பார் வாசல் காவல் பிரபாகரன்.

"ஒங்களச் சொமக்கச் சொன்னாத்தேன் அதுக்குக் கஷ்டம்ணே!"

செவ்வாய்க்கிழமை அவர் சரத்தை மிதித்துக்கொண்டே பாய்ந்து வந்தார். பிரபாகரன் தாழை நீக்கவில்லை.

"அண்ணே, நாந்தேன்! வெரசாத் தெறங்க!"

"எங்க வேலுத்தாயி சரத்த மிதிக்க மாட்டா. போயிரு!"

வேலுத்தாய் குனிந்து குளம்படியைப் பார்த்தார். "அதுவுஞ் சரிதேன். தெறக்காதீக. ஓடை வழியா வர்றாய்ங்க, அத அடைங்க!" என்று கத்தினார். குதிரையைத் திருப்பினார். துரத்தி வந்த எதிரிக் கூட்டத்தைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு மேட்டில் மறைந்தார்.

ஓடையை அடைத்தோம். பிழைத்தோம். அன்றிலிருந்து பிரபாகரன் சோறு தொடவில்லை. தம்பி, உன்னை யார் குற்றம் சொல்ல முடியும்? வேலுத்தாயே சொல்லவில்லையே!

நேற்றுக் காலை செவலை தனியாக வந்தது. சேணமெல்லாம் ரத்தம். ஆனால் எப்படி வந்தது? ஒவ்வொரு சரத்துக்கும் ஒதுங்கி, மெதுவாக! பிரபாகரன் கதவைத் திறந்தார்.

இன்று செவலையில் ஏறப்போகிறவர் அவர்தான். வேலுத்தாய் தேடிய வழியை அவர் தேடுவார். அவர் விழுந்தால் இன்னொருவர் ஏறுவார். இது நம் எல்லோருடைய வாக்கு! நான் குதிரை ஏற முடியாத கிழவன். அடுத்த வாரம் இந்தக் கதவில் கரியால் வேலுத்தாயின் பெயரை எழுதுவேன். கோணலாக இருந்தால் என்ன? உள்பக்கம் எழுதமாட்டேன். வெளியே நின்று எழுதுவேன்!