எட்டாவது வில்லையைச் சுற்றிய வட்டம்

என் பெயர் அருணாதேவி, வயது 31, க/பெ சரவணகுமார். திருவண்ணாமலை செங்கம் சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். அதே சாலையில் உள்ள தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். கடந்த வெள்ளிக்கிழமை, பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பைத் தள்ளிவிட்டு ஸ்கூட்டர் ஓட்டியது பற்றி என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

அடி அண்ணாமலையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் வேதா என்ற 24 வயதுப் பெண்ணுக்குப் புடவையில் அடுப்புத் தீ பிடித்து, தொடையும் இடது கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புண்ணில் இருப்பது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதற்காக, புண்ணைத் தொட்டு எடுத்த பஞ்சுக் குச்சி முந்தின சனிக்கிழமை எங்களிடம் வந்தது. பஞ்சு கறுத்திருந்தது. தீக்காயம்தானே, கருகிய தோலாக இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வளர்த்துப் பார்த்து, சாதாரணத் தோல் கிருமி என்றும் அதற்கான மருந்தையும் எழுதித் திங்களன்று கையெழுத்துப் போட்டேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை வேதாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சைலஜா போன் செய்து, "அருணா, உன் ரிப்போர்ட்படிதான் மருந்து போவுது. ஜுரம் ஏறிக்கிட்டே இருக்கு, பிரஷர் கம்மி. இன்னும் ரெண்டு நாள் தாங்குனாலே ஜாஸ்தி" என்றார். அதன் பிறகு பிரிட்ஜில் இருந்த பழைய குச்சியை எடுத்து மூடியைத் திறந்ததும் நெய் வாசம் வந்தது. கருகிய தோலில் நெய் எங்கிருந்து வரும்? இந்த ஊரிலேயே பிறந்தும் அது எனக்குப் புரியாமல் போனதே என்று என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வேதாவின் அம்மா தங்கம்மாளைக் கேட்டதில், "மலைமேல ஏத்துன நெய் தீபத்து மைதாம்மா. நர்ஸ் இல்லாதப்போ தடவுனேன். சாமி மை, அதுல இன்னா கெடுதி வரும்?" என்று அழுதார். மையோடு மேலே ஒட்டியிருந்த கிருமியைத்தான் நான் வளர்த்திருக்கிறேன். அதன் பிறகு டாக்டர் புண்ணைச் சுத்தமாகக் கழுவி, அடியிலிருந்து புதிதாக எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்தக் கிருமியை வளர்க்க வைத்திருந்த தட்டை எடுத்துப் பார்த்தேன். தட்டு முழுக்கப் பச்சை, சூடோமோனாஸ் கிருமி. அதன்மேல் ஆளுக்கொரு மருந்து தோய்த்த எட்டு காகித வில்லைகள் வைத்திருந்ததில் ஏழு வில்லைகளைக் கிருமி சட்டையே செய்யவில்லை, ஒட்டி வளர்ந்திருந்தது. எட்டாவதான மெரோபெனத்தைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, துணியால் துடைத்தது போல் ஒரு வட்டம், அளந்ததில் 24 மில்லிமீட்டர்! சந்தோஷத்தில் நான் கத்தியதற்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சாட்சி. டாக்டருக்குப் பதினேழு தடவை போன் போட்டேன், பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் சுத்தமாக எடுக்கவில்லை. அதன் பிறகு ரிப்போர்ட்டை எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு, கிரிவலப் பாதை வழியாக ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

தடுப்பில் நின்ற காவலர் ராஜேந்திரன், "ஏம்மா, வண்டி போவாதுன்னு போர்டு வெச்சிருக்கு, கண்ணு தெரியல?" என்றார். "ஒரு உயிரு சார்!" என்று கத்திக்கொண்டே முன்சக்கரத்தால் தடுப்பைத் தள்ளிவிட்டுப் போனேன். ஹாரனிலிருந்து விரலை எடுக்கவில்லை. சிலர் திட்டினார்கள், சிலர் அரோகரா சொல்லி வழிவிட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. நான்கு நாற்பதுக்கு வேதாவுக்கு மெரோபெனம் ஏறத் தொடங்கியது.

ஞாயிறு காலை ஜுரம் நூறுக்கு இறங்கி, வேதா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

தடுப்பைத் தள்ளியது குற்றம், ஒப்புக்கொள்கிறேன், காவலரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முதல் ரிப்போர்ட்டுக்கு வேதாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது, அவள் எழுந்து உட்காரட்டும் என்று காத்திருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) அருணாதேவி