பசி பாக்கி

நீங்க மத்தியானம் சாப்பிட்டீங்களா ஐயா? இல்லைன்னு உங்க முகமே சொல்லுது. விசாரணைன்னு வந்துட்டா இப்படித்தான், கேக்கிறவரும் பட்டினி, பதில் சொல்றவளும் பட்டினி. அந்த பிஸ்கட்டையாவது எடுத்துக்குங்க. நான் எல்லாத்தையும் சொல்லிடறேன். அவசரப்படாம கேளுங்க.

இந்த ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுல நான் டயட்டீஷியன். யாருக்கு என்ன சத்து, எவ்வளவு, எந்த வேகத்துல போகணும்னு பார்க்கிறது என் வேலை. நர்ஸுங்க என்னைச் சாப்பாட்டக்கான்னு கூப்பிடுவாங்க. எங்க நோயாளிங்க வாயால சாப்பிட முடியாதவங்க. மூக்கு வழியா வயித்துக்கு ஒரு மெல்லிசான டியூப், பால் மாதிரி ஒரு சத்து திரவம், அதைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ள ஒரு பம்ப், அவ்வளவுதான் அவங்க சாப்பாடு. வென்டிலேட்டர் போடற சத்தத்துல அந்தப் பம்ப் ஓடறது யார் காதுலயும் விழாது. என் காதுல விழும்.

நீங்க ரெண்டாம் பெட் தச்சரைப் பத்திக் கேக்கிறீங்க. முந்தாநாள் காலையில இறந்துட்டார். சொல்றேன். இப்போ ஆறாம் பெட்டுல ஒரு பொண்ணு இருக்கா, அவளும் அவரை மாதிரியே ரொம்ப நாள் பட்டினி கிடந்து வந்தவ. அவ அம்மா ஐ.சி.யூ. கதவோரமா ஒரு பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கீழ வரும்போதுகூட என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. பாவம்.

முதல்ல எங்கம்மாவைப் பத்திச் சொல்லணும். சுத்தி வளைக்கிறேன்னு நினைக்காதீங்க. நான் படிச்சுக்கிட்டிருந்தப்போ அம்மா வேற ஒரு ஐ.சி.யூ.வுல கிடந்தாங்க. ஸ்கேன் எடுக்கணும், வயிறு காலியா இருக்கணும்னு பம்பை நிறுத்தினாங்க. ஸ்கேன் ரூம்ல வேற ஒரு அவசர கேஸ், தள்ளிப் போச்சு. மறுநாள் தொண்டையில குழாய் மாத்தணும்னு மறுபடி நிறுத்தினாங்க. அப்புறம் இன்னொண்ணு. யாரையும் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்துச்சு. அம்மா போனப்போ கன்னம் ரெண்டும் ஒட்டிப் போயிருந்துச்சு. சித்தி என்னைப் பார்த்து, "சோத்தைப் பத்திப் படிக்கிறவ நீ. உங்கம்மாவ வெறும் வயித்தோட அனுப்பிட்டியேடி"ன்னாங்க. துக்கத்துல சொன்னதுதான். ஆனா அது என் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

இங்க சேர்ந்ததும் நான் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எதுக்காவது பம்பை நிறுத்தினா, அந்த நேரத்துல போகாம விட்டதை அன்னைக்கே வேகத்தைக் கூட்டிக் கொடுத்துடணும். நர்ஸுங்க அதுக்கு 'பாக்கி தீர்க்கிறது'ன்னு பேர் வச்சாங்க. நல்ல முறைதான், பல இடத்துலயும் செய்றாங்க. பெரிய டாக்டரே எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினார். வெளியில நிக்கிற சொந்தக்காரங்க டாக்டரைக் கண்டா பயப்படுவாங்க, என்னைக் கண்டா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. "எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாராம்மா?" "வயிறு நிறையச் சாப்பிட்டார்மா." அப்போ அவங்க முகத்தைப் பார்க்கணுமே ஐயா. அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடையாது.

தச்சருக்குத் தொண்டையில அடைப்பு. மாசக்கணக்கா சரியா முழுங்க முடியாம, வீட்டுல யார்கிட்டயும் வாயைத் திறக்காம, தண்ணியும் கொஞ்சம் பாலுமா ஓட்டியிருக்கார். மூச்சுத் திணறி எங்ககிட்ட வந்தப்போ எலும்பும் தோலும்தான். பெரிய டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "இவருக்கு மெதுவா, ரொம்ப மெதுவா ஆரம்பிங்க"ன்னார். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சாப்பாடு போனா, ரத்தத்துல இருக்கிற உப்புச்சத்தெல்லாம் சட்டுனு இறங்கிடும். இதயம் தடுமாறி நின்னுடும். அது எனக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும் ஐயா. புதுசா வர்ற நர்ஸுங்களுக்கு அந்தப் பாடத்தை எடுக்கிறதே நான்தான்.

ஆனா பம்ப் அவ்வளவு மெதுவா ஓடறதைக் கேட்டா எனக்கு எங்கம்மாவோட ஒட்டிப் போன கன்னம்தான் ஞாபகம் வந்துச்சு. அவர் மனைவி வேற வந்து, "எத்தனை நாள் பட்டினியோம்மா, எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துடுவீங்கல்ல?"ன்னு கேட்டாங்க. கொடுத்துடலாம்மான்னு சொல்லிட்டேன். வாக்குக் கொடுத்தாச்சு. ஒரு வேளை விட்டுப் போனதுக்கே பாக்கி தீர்க்கிறவ நான். மாசக்கணக்கா விட்டுப் போனதை எப்படிப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருப்பேன்? அவர் இங்க வர்றதுக்கு முன்னாடி கிடந்த பசியையும் சேர்த்துக்கிட்டேன். வேகத்தைக் கூட்டினேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா இறக்கி வைப்பேன், போனதும் ஏத்துவேன்.

ஆமா, ரத்தத்துல உப்பு இறங்கியிருந்துச்சு. டாக்டர் அதைச் சரிபண்ண மருந்து ஏத்தினார். மெதுவா போற சாப்பாட்டுக்கு அது போதும்னு கணக்குப் போட்டார். பக்கத்துலதான் நான் நின்னுக்கிட்டிருந்தேன். என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை.

நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறேனா? தொழில் பழக்கம் ஐயா, ஒண்ணும் இல்லை.

சாயங்காலம் தச்சருக்கு நினைவு வந்துச்சு. தொண்டையில குழாய் இருக்கிறதால பேச முடியாது. என்னையே பார்த்தார். கையை மெல்லத் தூக்கி வயித்து மேல விரிச்சு வச்சார், தட்டு மேல கையை வச்சு மறைப்போமே, அந்த மாதிரி. தலைமை நர்ஸ் அதைப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்து, 'போதும்னு அவர் கெஞ்சினார், இவ கேக்கலை'ன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு நாலு பேருக்குப் பரிமாறிப் பழக்கம் இல்லை போல. போதும்னு ஒருத்தர் சொன்ன உடனே கரண்டியைக் கீழ வச்சுடுவோமா? கூச்சப்படறார்னு இன்னும் ஒரு கரண்டி வைப்போம், இல்லையா? அவர் மறுபடியும் கையை வச்சார். நான் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள்ள வச்சுட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

காலையில இதயம் நின்னுடுச்சு. எல்லாரும் ஓடி வந்து என்னென்னவோ செஞ்சு பார்த்தாங்க. அவர் மனைவிகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன், வெறும் வயித்தோட போகலைம்மான்னு. அவங்க என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்.

அவருக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கான்னு கேட்டீங்க. நடந்திருக்கு. பட்டினியில வந்தவங்க எல்லாருக்கும் நான் இதைத்தான் செஞ்சேன். சிலர் தாங்கினாங்க, சிலர் தாங்கலை. தாங்காதவங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் நோய் இருந்துச்சு, அதனால யாரும் சந்தேகப்படலை. நீங்க கொலைங்கிற வார்த்தையை ரொம்பச் சுலபமா சொல்றீங்க. கொலை பண்றவங்க கோபத்துல பண்ணுவாங்க. எனக்கு அவங்க ஒருத்தர் மேலயும் கோபம் கிடையாது. யாரையும் நான் பட்டினி போட்டதில்லை.

அந்த ஆறாம் பெட் பொண்ணா? அவளும் வேகம் தாங்க மாட்டா, உடம்புல ஒண்ணுமே இல்லை. வீட்டுல என்னமோ மனஸ்தாபம், சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி அவளே தேய்ஞ்சு போயிருக்கா. அவ அம்மா, "உங்களை நம்பித்தான் விட்டிருக்கேன்"னாங்க. நீங்க ஆள் அனுப்பிக் கூப்பிட்டப்போ நான் அவ பக்கத்துலதான் இருந்தேன். என்னைத் திரும்பி உள்ள விட மாட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பாக்கியை மிச்சம் வைக்கக் கூடாதே. பம்ப் எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வச்சுட்டு, அது மேல துண்டைப் போட்டு மூடிட்டுத்தான் வந்தேன். அதனாலதான் உங்களை நிதானமா கேட்கச் சொன்னேன். அவளும் கையை விரிச்சு வயித்து மேல வச்சா ஐயா. ரொம்பக் கூச்ச சுபாவம்.

ஏன் எழுந்திருக்கிறீங்க? போனைக் கீழ வைங்க. உட்காருங்க. சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவளைப் பாதியில எழுப்பக் கூடாது.