ஒன்பது மணிக்கு ஒரு குரல்

வெந்நீர் போதும், சார். காபி குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்; குரலை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். முன்பு எனக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கிற வேலை. ஒரு பெரியவர் தினமும் கூப்பிடுவார். ஒரு நாள் லைனில் இரைச்சல் என்பார், மறுநாள் மணி சரியாக அடிக்கவில்லை என்பார். லைனில் ஒரு கோளாறும் இருக்காது. அவருக்கு வேண்டியது பேச ஒரு ஆள், அவ்வளவுதான். யாரிடமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் ஒரு நாள் அவரோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொழில் அப்படித்தான் பிறந்தது. தனியாக இருக்கிறவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு போன். மாதச் சந்தா.

“நல்லா இருக்கீங்களான்னு கேக்கறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?” என்று என் மனைவி சிரித்தாள். மூன்றாவது வருடம் நானூறு பேருக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு மாடி அறை, ஆறு மேசை, ஆறு பெண்கள். ஜன்னலோரத்தில் நான்.

சந்தாத் தொழிலில் புது ஆளைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. வந்தவர் போகாமல் இருக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்து யாருக்கு லாபம்? அதனால் விலகுகிற ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். மகன் வந்து கூட்டிப்போய்விட்டான். தங்கையோடு சமாதானமாகிவிட்டேன். பக்கத்தில் ஒருவர் குடிவந்திருக்கிறார், சாயங்காலமானால் சதுரங்கம் ஆடுகிறோம். சிலர் இறந்துபோயிருந்தார்கள். அது நம் கையில் இல்லை. மற்றதெல்லாம் ஓரளவு நம் கையில்தான் இருந்தது.

எங்கள் சேவையில் குறை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சமையலில் குற்றமில்லை, சாப்பிட வருகிறவருக்குத்தான் பசி தீர்ந்துபோகிறது.

பொய் சொல்லக்கூடாது என்பதில் நான் கறார். பெண்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். பொய் வேண்டாம், கேள்வி போதும். ‘என் பையன் வரப்போறான்’ என்று ஒரு அம்மா சொன்னால், ‘ரொம்ப சந்தோஷம்மா. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வர்றாராம்?’ என்று கேட்க வேண்டும். அக்கறையோடு. பிறகு வாயைத் திறக்கக் கூடாது. மிச்சத்தை அவர்களே யோசித்துக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு.

ஆறு பேரில் மூத்தவளுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. “மகனோட போயிடுங்கம்மா, எத்தனை நாளைக்கு போன்லயே பேசிட்டு இருப்பீங்க?” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டாள். நான் கோபப்படவில்லை. உறை ஒட்டுகிற வேலைக்கு மாற்றினேன். ஒரு வாரத்தில் அவளே நின்றுகொண்டாள். விலகுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

கடிகாரக்காரரை மட்டும் நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கடிகாரம் பழுது பார்த்து ஓய்ந்த மனிதர். மனைவி இல்லை. ஒரே மகள். அவர் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. “ஓடுற கடிகாரத்த எவனும் எங்கிட்ட கொண்டுவந்ததில்ல தம்பி. நின்னு போனாத்தான் நம்ம ஞாபகம் வரும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான்கு வருடம், தினமும் ஒன்பது மணிக்கு. பெற்ற அப்பாவோடு நான் அத்தனை பேசினதில்லை.

போன வருடம் அந்த மகள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கல்யாணம் முறிந்து தனியாக இருந்தாளாம்.

“நேர்ல போனா அப்பா கதவத் திறக்க மாட்டேங்கறார் சார். போன்ல என் குரலக் கேட்டாலே வெச்சிடறார். நீங்க சொன்னா கேப்பார்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. தப்பு என் மேலதான். வந்து அவரோடயே இருந்துடறேன்னு சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்று அவள் எண்ணைக் குறித்துக்கொண்டேன். எப்போது சொல்வேன் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் கடிகாரக்காரரிடம் கேட்டேன்: “ஐயா, வீடு உங்க பேர்லதானே இருக்கு?”

“ஏன் தம்பி?”

“சும்மாதான் ஐயா. காலம் அப்படி இருக்கு.”

அந்த வாரமே கதவுக்கு இரண்டாவது பூட்டு போட்டார். நான் பூட்டு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மகள் அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டாள். “அவருக்கு இன்னும் மனசு வரலைம்மா” என்றேன். அது உண்மைதான்.

ஆனால் மழைக்காலம் வந்ததும் அவர் இளக ஆரம்பித்தார். காலையில் போனை எடுத்ததும் அவள் பேச்சுதான். எங்கே இருக்கிறாளோ, வேளைக்குச் சாப்பிடுகிறாளோ. “இன்னொரு தடவ வந்து நின்னா திறந்துடுவேன் தம்பி” என்றார் ஒரு நாள். நான் மழையைப் பற்றிக் கேட்டேன். அன்று மாலை மகளும் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. குரல் வேறு மாதிரி இருந்தது.

“நெஞ்ச அழுத்துது தம்பி. இடது கை மரத்துப்போச்சு. அவளக் கூப்பிடணும். எங்கிட்ட அவ நம்பர் இல்ல. நீ எப்படியாவது தேடிக் குடேன்.”

அந்த எண் என் மேசையில், கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

“வேலைக்குக் கிளம்பற நேரம் ஐயா, எதுக்கு அவங்கள பயமுறுத்தணும்? கொஞ்சம் படுங்க. ஒரு மணி நேரத்துல நானே திரும்பக் கூப்பிடறேன்.”

“சரி தம்பி. நீ சொன்னா சரி.”

சொன்னபடி பத்து மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினொன்றுக்கும் கூப்பிட்டேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆள் வைத்துக் கதவை உடைத்தார். பூட்டு இரண்டு என்பதால் நேரமாயிற்றாம்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், சார். இடது கை மரத்துப்போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா போனதும் அப்படித்தான். ஆம்புலன்ஸ் எண்ணும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் மகளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு பொழுது கட்டிலோரம் உட்கார்ந்தால் போதும், அதோடு அவருக்கு நான் வேண்டாம். அவர் சாகட்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் வந்தாள். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவின் குரல் எங்கேயாவது இருக்குமா என்று கேட்டாள். எங்கள் அழைப்புகள் எல்லாமே பதிவாகும். நான்கு வருடப் பதிவையும் நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். மடியில் கனம் இருந்தால்தானே பயம்? அவள் அப்பாவை ஒருவன் எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டான் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்றிருந்தேன். அவள் அதை நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். நன்றியை எதிர்பார்த்து இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

அந்தக் கடைசி அழைப்பை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள், சார். என் குரல் ஓரிடத்திலாவது உயர்கிறதா? அவர் எவ்வளவு பதறுகிறார், பேசப் பேச எப்படி அடங்கி வருகிறார், கவனியுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.