டெலிவரிக்கு ரெடியா?

— யாரு புள்ளத்தாச்சி? சொல்லுங்கப்பா. இந்த ஊட்டுல யாருங்க புள்ளத்தாச்சி?

— மெதுவாப் பேசு அம்மிணி. கீழ ஆளுக தச்சுட்டிருக்கறாங்க. எல்லாருக்கும் கேக்கும்.

— கேக்கட்டுமே! எங்க கம்பெனி குரூப்புல நாப்பத்தியொரு பைலட்டு எனக்கு வாழ்த்து அனுப்பியாச்சு. பலூனு, தொட்டிலு, பால் பாட்டிலுன்னு படம் படமா அனுப்பறாங்க. கீழ தைக்கறவங்களுக்கு மட்டும் எதுக்கு மறைக்கோணும்?

— கீர்த்தனா, மொதல்ல உக்காரு கண்ணு. சென்னையில இருந்து ரயில்ல அல்லாடி வந்திருக்கற. மொகத்தைக் கழுவிட்டு வா, தோசை ஊத்தறேன்.

— எனக்குத் தோசையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ம்மா, நீ இதுல வராதே. இது எனக்கும் அப்பாவுக்கும்.

— என்ன நடந்துதுன்னு சொன்னாத்தானே அம்மிணி...

— தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க, பத்திக்கிட்டு வருது எனக்கு. சரி, சொல்றேன். திங்கக்கிழமை மத்தியானம் நான் நீச்சல் குளத்துல கெடந்தேன். விமானம் கடல்ல எறங்கிட்டா ரப்பர் படகுல எப்படி ஏறறதுன்னு ட்ரெய்னிங். போன் லாக்கர்ல இருந்துது. அந்நேரம் எங்க ஆபீஸ் ஆஷா கூப்பிட்டிருக்கறா. நான் எடுக்கலைன்னதும், நான் எழுதிக் குடுத்த இன்னொரு நம்பருக்கு, இதா, நம்ம யூனிட் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டா. 'கீர்த்தனா டெலிவரிக்கு ரெடியா?'ன்னு கேட்டா. அவ கேட்டது அவ்வளவுதான்.

— ம்.

— என்னங்கப்பா ம்? மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். பிரான்சுல செஞ்ச புது விமானத்தை, வாங்கினவங்க ஊருக்கு ஓட்டிட்டுப் போயி ஒப்படைக்கறதுக்குப் பேரு டெலிவரி. நாலு வருஷமா நான் பாக்கற வேலை. அதுக்கு ரெடியான்னு கேட்டா, 'அவளுக்கு மூணு மாசமுங்க, டாக்டர் பறக்கவே கூடாதுன்னுட்டாங்க'ன்னு இங்கிருந்து பதில் போயிருக்குது!

— அட கெரகமே. அது... என்ன ஆச்சுன்னா அம்மிணி, அந்தப் புள்ள டெலிவரின்னுச்சு. நானு பிரசவம்னு நெனச்சுப்போட்டேன்.

— நெனச்சுப்போட்டீங்களா?

— கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சல்லோ. சொந்தத்துல எல்லாரும் கேட்டுட்டே இருக்கறாங்க. ஒரு பொண்ணு கூப்பிட்டு உங்க புள்ளைக்கு டெலிவரின்னு பேசுனா, எந்தத் தகப்பனும் அப்படித்தான் நெனப்பான். ஆஸ்பத்திரில இருந்துதான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்.

— அப்பா, நீங்க முப்பது வருஷமா பனியன் ஏத்துமதி பண்றீங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை அந்த வார்த்தை உங்க வாயில வருது. 'பார்ட்டிக்கு டெலிவரி எப்போ?' 'டையிங்ல இருந்து துணி டெலிவரி ஆச்சா?' நான் பொறந்தப்ப நர்ஸம்மா வந்து டெலிவரி ஆயிருச்சுங்கன்னு சொன்னதுக்கு, 'எத்தனை பெட்டிங்க?'ன்னு கேட்ட ஆளு நீங்க! அதைச் சொல்லிச் சொல்லி நீங்களே சிரிச்சிருக்கறீங்க. உங்களுக்கா அது பிரசவம்னு தோணுச்சு?

— ஏனுங்க, நீங்க கீழ போயி செக்கிங்கைப் பாருங்க. நான் அவகிட்டப் பேசிக்கறேன்.

— அப்பா எங்கயும் போகக் கூடாது. ஒரு பொய் ஆச்சு. அடுத்த பொய் என்னன்னு நான் கேட்டுட்டுத்தான் போவேன்.

— சரி. வேணும்னேதான் சொன்னேன். போதுமா? தெரிஞ்சுதான் சொன்னேன். பொட்டப்புள்ளைய கடலுக்கு மேல அனுப்ப எனக்கு மனசில்ல. அதுக்கு இப்ப என்னங்கற?

— அப்படி வாங்க வழிக்கு.

— என்றகிட்டச் சத்தம் போடற வேலையெல்லாம் வேண்டாம். ப்ளேன் ஓட்டப் போறேன்னு நீ நின்ன அன்னைக்கே நான் வேண்டாம்னேன். வேலம்பாளையத்துல எவன் ஊட்டுப் புள்ள ப்ளேன் ஓட்டுது? உன்ற அம்மாதான் ஒத்தக்கால்ல நின்னா. அவ பேச்சைக் கேட்டு விட்டேன் பாரு, அதுதான் நான் பண்ணுன தப்பு.

— ஆமாங்க, அம்மாதான் நின்னா. அவ இல்லைன்னா நான் கீழ உக்காந்து பனியன்ல நூல் வெட்டிட்டிருப்பேன். லைசென்ஸ் வாங்கி வந்த அன்னைக்கு என்னைக் கட்டிப்புடிச்சு அழுதது அவ. நீங்க என்ன கேட்டீங்க? 'சரி, ஆசை தீந்துதா, இனி மாப்பிள்ளை பாக்கலாமா?'

— கேட்டேன். தகப்பன் கேக்காம வேற யாரு கேப்பா?

— நாலு வருஷமுங்கப்பா! கொழும்பு, டாக்கா, காத்மாண்டுன்னு தரைய விட்டு வெலகாமயே ஓட்டிட்டு, இந்த ஒரு ட்ரிப்புக்குக் காத்துக் கெடந்தேன். பெருங்கடல் தாண்டற லிஸ்ட்ல பேரு வர்றது லேசில்ல. ஒரு தடவை தாண்டிட்டா அடுத்தடுத்துக் கூப்பிடுவாங்க, கேப்டன் ஆகறதுக்கு வழி பொறக்கும். இப்ப என்ற எடத்துல வேற ஆளைப் போட்டாச்சு. வர்ற புதன்கிழமை பொறப்படறாங்க. நான் புள்ளத்தாச்சி இல்லைன்னு டாக்டர்கிட்டச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் இனி சைக்கிள் கூட ஓட்ட விடுவாங்களாமா. ஒரே போன்ல சோலிய முடிச்சுப்போட்டீங்க.

— அடுத்த ட்ரிப்புக்குப் போய்க்கலாம் அம்மிணி. ப்ளேன் செய்யறதை நிறுத்திப்போடறாங்களா என்ன?

— ஓஹோ! எவனோ ஒருத்தன் உங்க பார்ட்டிக்குப் போன் போட்டு, 'லிங்கசாமி யூனிட்டுல தீப்புடிச்சுப் போச்சு, இனி சரக்கு வராது'ன்னு சொன்னா, அடுத்த ஆர்டர் பாத்துக்கலாம்னு சும்மா இருப்பீங்களா? தேடிப் போயி அவன் பல்லைக் கழட்டியிருப்பீங்க.

— அது வேற.

— என்ன வேற?

— அது துணி. நீ புள்ள.

— இந்தப் பேச்சுக்கெல்லாம் நான் மயங்க மாட்டேன். பரணிக்கு என்ன ஆச்சு தெரியுங்களா? எங்க ஆபீஸ்ல இருந்து அவரு பேங்க்குக்கே பூச்செண்டு அனுப்பிட்டாங்க. அப்பாவாகப் போறீங்க, வாழ்த்துகள்னு எழுதி. மனுசன் அங்கயே அழுதுட்டாராமா. கணியூர்ல அத்தைக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டு, அப்பறம் எனக்குக் கூப்பிடறாரு. 'எனக்கு முன்னால ஆபீஸுக்குச் சொல்லிட்டயா'ன்னு கோவிக்கக்கூட இல்ல, சிரிக்கறாரு. அது பொய்யின்னு நான் சொன்னதும், 'அம்மாகிட்ட இனி நான் என்னன்னு சொல்றது?'ன்னு கேக்கறாரு. அதுக்கு நீங்க என்ன பதில் வெச்சிருக்கறீங்க?

— மாப்பிள்ளைகிட்ட நான் பேசறேன்.

— நீங்க இனி யாருகிட்டயும் போன்ல பேசாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்.

— போதும் கண்ணு. அப்பாவை அப்படிப் பேசாதே. அவரு பாவம்.

— நீ அவருக்குப் பரிஞ்சுட்டு வராதே ம்மா. யாருதான் பாவம்? நாந்தான் பாவம்!

— சித்தெ இரு அம்மிணி, நானும் ஒண்ணு கேக்கறேன். அந்த ப்ளேனை எதுக்கு மனுசன் ஓட்டிட்டுப் போகோணும்? கப்பல்ல ஏத்தி அனுப்பறதுக்கு என்ன கேடு? ரெக்கையக் கழட்டி ஒரு கண்டெய்னர், ஒடம்புக்கு ஒரு கண்டெய்னர். நாங்கெல்லாம் அனுப்பறதில்லையா?

— பனியனா அது, மடிச்சுப் பெட்டியில போட? ரெக்கையக் கழட்டி மாட்டுனா மறுபடி மொதல்ல இருந்து டெஸ்ட் பண்ணோணும். இதுல சரக்கேதான் வண்டி. அதுவே பறந்து போயிச் சேரோணும்.

— பறக்கறதுக்குத்தானே செஞ்சான்? பறந்துட்டுப் போகுது. அதுக்கு எதுக்கு ரப்பர் படகு, ட்ரெய்னிங்கு?

— அது கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் ஓடற மாதிரி சின்ன வண்டிங்கப்பா. ரெண்டு பக்கமும் காத்தாடி வெச்சது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பறக்கறதுக்குன்னே செஞ்சது. வாங்கியிருக்கறவங்க பசிபிக் கடலுக்கு நடுவுல ஒரு தீவுக்காரங்க. அங்க தீவுக்குத் தீவு ஓட்டறதுக்கு வேணுமாமா. அமெரிக்கக் கரையில இருந்து கெளம்புனா ஒம்பது மணி நேரம், கீழ தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாது. அவசரத்துக்கு எறங்க ஒரு திட்டுக்கூட இல்ல. அதோட டேங்க்ல புடிக்கற பெட்ரோல் பாதித் தொலவுக்குக்கூடப் பத்தாது.

— பத்தாதா? அப்பறம் எப்படிப் போறது?

— உள்ள சீட்டையெல்லாம் எடுத்துப்போட்டு, அந்த எடத்துல பெரிய பெரிய டேங்க் வெச்சுக் கட்டுவாங்க. அதுல இருந்து கொழாய் போட்டு எஞ்சினுக்கு விடுவாங்க. நாங்க நாலு பேரு அந்த டேங்க்கை முதுகுக்குப் பின்னால வெச்சுட்டு உக்காந்திருப்போம்.

— பெட்ரோலா? நீ உக்கார்ற எடத்துலயா? ஊட்டுக்குள்ள வெக்கற மாதிரி உள்ளயேவா?

— உள்ளயேதான்.

— ஒரு பொறி பட்டா என்ன ஆகறது? நடுவழில எஞ்சின் நின்னா?

— பாதி தாண்டியாச்சுன்னா திரும்பற பேச்சே இல்ல, முன்னாலதான் போகோணும். அதுக்குத்தான் படகு.

— அடக் கடவுளே! இதையெல்லாம் என்றகிட்ட யாருமே சொல்லலியே! இந்துமதி, கேட்டயா இந்தக் கூத்தை? நடுக்கடல்ல, பெட்ரோலைக் கட்டி அணைச்சுட்டு... நான் என்னமோ பஸ்ஸு மாதிரி போயி எறக்கி விட்டுட்டு வருவான்னு நெனச்சுட்டிருந்தேன்! அம்மிணி, உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?

— அப்பா.

— என்ன அப்பா? இதுக்கா நாலு வருஷம் காத்துக் கெடந்த?

— உங்களுக்கு இது தெரியாதா?

— எனக்கு எப்படித் தெரியும்? நீ என்றகிட்ட என்ன பேசற? 'சாப்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்டக் குடுங்க.' மூணே மூணு வார்த்தை. நாலு வருஷமா அதேதான்.

— இருங்க. ஆஷா எனக்கு அனுப்புன மெயில் இருக்குது, இங்கிலீஷ்ல. நான் அப்படியே தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'உங்கள் வீட்டாரிடம் பேசினோம். மூன்றாவது மாதம் என்றார்கள். விமானத்துக்குள்ளேயே பெட்ரோல் டேங்க் கட்டியிருப்பதால் அந்த வாடை குழந்தைக்கு ஆகாது, ஒன்பது மணி நேரம் உட்காரவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னார்கள்.' இதுதான் அவ எழுதியிருக்கறது. அம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சு வெச்சுட்டுத்தான் இத்தனையும் சொல்லியிருக்கறீங்கன்னு நான் நெனச்சேன்.

— ஆமா, அதேதான். கேட்டுத்தான் சொன்னேன்.

— பெட்ரோலான்னு இப்பத்தான் வாயப் பொளந்தீங்க.

— மறந்திருப்பேன். வயசாகுதல்லோ.

— திங்கக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்கப்பா?

— எங்கியோ இருந்தேன். சாயம் போடற எடத்துல, டையிங்ல. துணி கலர் மாறிப்போச்சுன்னு சண்டை போட்டுட்டிருந்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

— டையிங்ல இருந்துட்டு ஆபீஸ் போனை எப்படி எடுத்தீங்க?

— அம்மிணி, நான் சொல்றதைக் கேளு. என்மேல கோவிச்சுக்க. எத்தனை வேணும்னாலும் கோவிச்சுக்க. எனக்கு அது பழகிப்போச்சு, ஒண்ணும் ஆயிறாது. ஆனா இதை இதோட விட்டுரு, தோண்டாதே. நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னா ஓடி வந்து சொல்றதுக்கு இந்த ஊட்டுல ஒரு ஆளு வேணும்.

— டேங்க் படத்தை நான் ஒருத்தருக்குத்தான் அனுப்புனேன். சீட்டில்லாத ப்ளேன், படகு, போற வழி, அத்தனையும் ஒரே ஒருத்தருக்குத்தான். 'அப்பாகிட்டக் காட்டாதே, பயந்துக்குவாரு'ன்னு சொல்லி அனுப்புனேன். 'எம்பட புள்ள எத்தனை தைரியம்'னு பதில் வந்துது.

— விடு அம்மிணி.

— ம்மா. நிமுந்து என்னைப் பாரு.

— ஏனுங்க, அவளை விடச் சொல்லாதீங்க. அவ கேக்கட்டும்.

— திங்கக்கிழமை நீயா ஆபீஸ்ல உக்காந்திருந்த? திடீர்னு போன் வந்துது, டெலிவரின்னாங்க, உனக்கு என்ன ஏதுன்னு ஒண்ணும் ஓடல, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்ட. அப்படித்தானே? உனக்குத் தப்பாப் புரிஞ்சு போச்சு, அவ்வளவுதானே? ஆமான்னு சொல்லு ம்மா. அந்த ஒரு வார்த்தை சொல்லு, நான் இதோட விட்டுடறேன்.

— இல்ல கண்ணு. அந்தப் புள்ள கேட்டது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சதுனாலதான் சொன்னேன்.