வெங்கடம்மாள் தோட்டத்துப் பெட்டி

அதட்டாமலே அவையை அமைதியாக்கும் ஆற்றல் படைத்த தலைவர், அறுநூறு பெட்டிகளைத் தேடிக் கண்ட அண்ணன் ஜபருல்லா அவர்களே! போனைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் புகும் எங்களைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியை டப்பாவில் கட்டிக் கொடுத்து, கூடவே தாங்களும் கிளம்பி வந்த தாய்மார்களே! ஈரோட்டிலிருந்து முதல் ரயிலேறி வந்திருக்கும் தோழர்களே! மாடியில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, காபி வாசம் பிடித்துக் கீழே இறங்கி, எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்ட உறவினர்களே! எழுந்திருக்காதீர்கள். காபி உங்களுக்கும் உண்டு. கதையும் உண்டு. அனைவருக்கும் பீளமேட்டுப் பம்பு செட்டுக் கம்பெனியில் தரப் பரிசோதகனாகப் பணியாற்றும் இந்தத் தனபாலின் பணிவான வணக்கம்!

மாடிக்கு வந்த உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் குறியீட்டை இணையத்தில் இடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிப் போவார்கள். கண்டவர் உள்ளேயிருக்கும் நோட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். பத்துப் பெட்டி கண்டவருக்கு ஒரு விருப்பப் புள்ளி கிடைக்கும். தான் கண்டவற்றுள் மனம் கவர்ந்த பெட்டிக்கு அதை அவர் வழங்கலாம். பரிசு? கிடையாது. பணம்? கிடையாது. பிறகென்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? முள் கிழித்த முழங்கையும், முகமெல்லாம் சிரிப்பும் கிடைக்கும்!

இந்த ஆண்டு கோவை வட்டாரத்தில் மிக அதிகமான விருப்பப் புள்ளிகளைப் பெற்ற பெட்டி எது என்பதை அறிவிக்கும் பொறுப்பைத் தலைவர் எனக்குத் தந்திருக்கிறார். அறிவிப்பதற்கு முன்னால், அந்தப் பெட்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லவேண்டும். அதைச் சொல்வதென்றால், நான் செய்த தவற்றையும் சொல்லவேண்டும். பாதிக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். மீதிப் பாதியை இதுவரை நான் மேடையில் சொன்னதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்னால் எனக்கு ஓர் ஆசை. எவராலும் கண்டுபிடிக்க முடியாத பெட்டியை ஒளித்தவன் தனபால் என்று எல்லோரும் சொல்லவேண்டும் என்ற ஆசை. அவிநாசிக்குப் போகும் வழியில், ஒரு தோட்டத்தின் கல்லடுக்கு வேலி. விரலளவு குழல் ஒன்றை எடுத்தேன். மண்ணைப் பூசினேன். மடித்த தாளை உள்ளே வைத்தேன். அதில் என் போன் நம்பரையும் எழுதினேன். வேலியின் இடுக்கில் செருகி, அதன்மேல் ஒரு கல்லை வைத்தேன். குறிப்பு கொடுத்தேனா? கொடுக்கவில்லை. வழி சொன்னேனா? சொல்லவில்லை. தோட்டம் யாருடையது என்று விசாரித்தேனா? விசாரிக்கவே இல்லை! ஆனால், ‘இடத்துக்கு உரியவரின் சம்மதம் பெற்றுவிட்டேன்’ என்ற கட்டத்தில் மட்டும் ஒரு டிக் போட்டேன். கம்பெனியில் ஒரு பம்பின் போல்ட் நூலிழை பிசகினாலும் கையெழுத்துப் போடாத இந்தக் கை, அங்கே கூசாமல் போட்டது.

அது பொய். முதல் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் அந்தப் பெட்டியைத் தேடிப் போனார்கள். அவர்களும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டிருப்பவர்களை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். போன் காட்டும் இடம் பத்தடி இப்படியும் அசையும், பத்தடி அப்படியும் அசையும் என்பது நமக்குத் தெரியும். குறிப்பில்லாத பெட்டியைக் குத்துமதிப்பாகத் தேடினால் என்ன ஆகும்? வேலிக் கற்களைப் பிரித்தார்கள். சொட்டுநீர்க் குழாயை இழுத்தார்கள். வேலிக்கு உள்ளே இறங்கி நடந்தார்கள். உள்ளே இருந்தது என்ன? இன்னும் பத்து நாளில் பிடுங்கவேண்டிய சின்ன வெங்காயம்! மூன்று மணி நேரம் தேடியும் பெட்டி கிடைக்கவில்லை. ‘செம ஹைடு, தனபால் அண்ணா!’ என்று, நான் ஒளித்த அழகைப் புகழ்ந்து, போட்டோக்களோடு நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுப் போனார்கள். நான் பூரித்தேன். ஆம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பூரித்தேன்!

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது. ஒரு பெண் குரல்.

“ஏனுங்க, இந்தக் குழலுக்குள்ள சீட்டு வெச்சது நீங்கதானுங்களா? எங்க தோட்டத்துல வெங்காயத்தையெல்லாம் மிதிச்சுபோட்டுப் போயிருக்காங்க. யாருங்க அவங்கெல்லாம்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ராங் நம்பருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு பேர் மூன்று மணி நேரம் தேடிக் காணாததை அந்தம்மா எப்படிக் கண்டார் என்ற வியப்பு ஒரு பக்கம். நம்பரை இனி யாரிடம் கொடுப்பாரோ என்ற நடுக்கம் மறுபக்கம்.

அன்று மாலை நம் செயலாளர், கோட்டைமேட்டில் தையல் வகுப்பு நடத்தும் சாஜிதா பேகம் கூப்பிட்டார். குழுவில் வந்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நாமெல்லாம் சிரித்த முகங்களைப் பார்த்தோம். அவர் முகங்களுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த வெங்காயத் தாள்களைப் பார்த்தார்.

“அண்ணா, அந்தத் தோட்டக்காரங்ககிட்டக் கேட்டுத்தான வெச்சீங்க?”

“கேட்டேன்மா.”

“அவங்க பேரென்னங்கண்ணா?”

‘கேட்டேன்’ என்ற அந்த மூன்றாவது பொய்யைக் காக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. எவ்வளவோ பெயர்கள் இருக்கின்றன இந்தக் கொங்கு மண்ணில். ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. அதிலேயே சாஜிதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. “நாளைக்குக் காலைல நானும் வாரேண்ணா. போயிட்டு வந்துரலாம்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்!

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். வேலியோரம் நின்று ஒரு பெண்மணி கல்லடுக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் வெங்கடம்மாள். கணவர் வேலை விஷயமாக ஓசூரில் இருக்க, தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். நான் தயங்கித் தயங்கி, “அந்தக் குழல் விஷயமா வந்தோமுங்க” என்றேன். அவர் கல்லைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அட, ராங் நம்பரா? வாங்க, வாங்க!”

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்! சாஜிதா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை வர்ணிக்க என் தமிழ் போதாது.

“பொய் சொல்லிட்டேனுங்க. தப்புதானுங்க. நட்டத்தைக் கட்டிக் குடுத்துர்றேனுங்க” என்றேன்.

“காசு கெடக்கட்டுமுங்க. வெங்காயம் புடுங்க ஆளே கெடைக்க மாட்டேங்குது. மிதிச்சவங்க அத்தன பேரையும் கூட்டியாங்க. வந்து புடுங்கிக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். “அந்தக் குழலை எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

“இந்த வேலியோட கல்லு ஒவ்வொண்ணும் நா அடுக்குனதுங்க. எனக்குத் தெரியாம ஒரு கல்லு எப்படிங்க வந்து உக்காரும்?”

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் போனோம். மென்பொருள் எழுதுகிறவர் வெங்காயம் பிடுங்கினார். வங்கி மேலாளர் தாளறுத்தார். நான் வேலியை அடுக்கினேன்; நான் அடுக்கியதை வெங்கடம்மாள் இரண்டு முறை பிரித்து மறுபடி அடுக்கச் சொன்னார். தரப் பரிசோதகனையே தரப் பரிசோதனை செய்தார் ஐயா! மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டார். சாப்பிடும்போதுதான் கேட்டார்: “அதென்னங்க வெளையாட்டு? அப்புடி என்னதான் இருக்குது அதுல?”

பிறகொரு நாள் சாஜிதா அவரை அழைத்துப்போய் பீளமேட்டுப் பக்கத்தில் மூன்று பெட்டிகளைக் காட்டினார். அவற்றில் ஒன்று, குப்பைமேட்டோரம் கிடந்த உடைந்த டப்பா. நோட்டு நனைந்து கூழாகிக் கிடந்தது. வெங்கடம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாராம்: “ஏன் அம்மணி, ஒருத்தர இவ்வளவு தூரம் வரவெச்சு இதையா காட்டறது? ஊட்டுக்கு வாரவங்கள இப்படித்தான் உக்கார வெப்பமா?”

அன்பர்களே! ஒளிப்பது பெரிதா, உபசரிப்பது பெரிதா? எத்தனை பெட்டி வைத்தோம் என்பது கணக்கா, எப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவரை வரவழைத்தோம் என்பது கணக்கா? பெட்டி வைப்பவன் விருந்துக்கு அழைப்பவன்! அழைத்தவன் அழுக்கில் நிறுத்தலாமா? அழைத்தவன் அலைக்கழிக்கலாமா? அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவருக்கே தெரியாமல் அழைக்கலாமா? கைதட்டுகிறீர்கள், நன்றி. இந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. வெங்கடம்மாள் கேட்ட ஒரு கேள்வியைத்தான் நான் மேடைத் தமிழில் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே ஒரு பெட்டி வைத்தார். தன் தோட்டத்திலேயே, கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில். ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். உள்ளே ஆழத்தில் பெட்டி கிடக்கும். கையை விட்டால் எட்டாது. பக்கத்தில் ஒரு தொட்டி, ஒரு சொம்பு. குழாயில் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்ற ஊற்றப் பெட்டி மிதந்து மிதந்து மேலே வரும். கையெழுத்துப் போட்டுப் பெட்டியை உள்ளே விட்டு, அடியிலுள்ள திருகைத் திறந்தால், ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓடிப்போய் ஒரு கறிவேப்பிலைச் செடிக்குப் பாயும். சொட்டுத் தண்ணீர் வீணாகாது! தேடி வருகிறவர் ஒவ்வொருவரும் அந்தச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பாத்தியை மிதிக்காமலிருக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டு வழி. வாசலில் அவர் கைப்பட எழுதிய பலகை: ‘கோட்டுக்குள்ள நடங்க. மோர் இருக்குது, கேட்டுக் குடிங்க.’

பூட்டும் சாவியும் புதிரும் போட்ட பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். புன்னகையோடு மோர் கொடுக்கும் பெட்டியை அங்கேதான் கண்டேன்.

அந்தப் பெட்டியின் நோட்டிலிருந்து ஒரு பக்கம் படிக்கிறேன். எழுதியவர் ஈரோட்டில் செவிலியராக இருக்கும் மெர்சி. மூன்றாவது வரிசையில் இருக்கிறார். படிப்பதற்கு அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நான் கேட்காமல் எதுவும் செய்வதில்லை! அவர் எழுதுகிறார்: “மூன்று மாதமாக வார்டு விட்டால் வீடு, வீடு விட்டால் வார்டு. இன்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. சொம்பு சொம்பாக ஊற்றினேன். பெட்டி மேலே வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து நாய் ஓடிவந்து என்ன என்று பார்த்தது. நான் சிரித்து இத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.”

இதைப் படித்த அன்று வெங்கடம்மாள் எனக்குப் போன் செய்தார். “ஏனுங்க, வருசா வருசம் வெங்காயம் வெளைய வெச்சு அனுப்பறேன். தின்னுபோட்டு ஒருத்தராவது எனக்கு ரெண்டு வரி எழுதுனதுண்டா? இந்தப் புள்ள எழுதியிருக்குது பாருங்க” என்றார்.

நண்பர்களே! நாம் என்ன எழுதுகிறோம்? ‘கண்டேன், நன்றி.’ அதையும் சுருக்கி இரண்டெழுத்து! யோசித்து, உழைத்து, வெயிலில் நின்று ஒருவர் வைத்த பெட்டிக்கு நம் பதில் இரண்டே எழுத்தா? விருப்பப் புள்ளியைத் தேக்கிவைத்து என்ன செய்யப் போகிறோம்? பிடித்திருந்தால் கொடுங்கள்! பிடித்ததை எழுதுங்கள்! எது பிடித்தது, ஏன் பிடித்தது, அங்கே நிற்கையில் என்ன தோன்றியது என்று எழுதுங்கள்! உங்கள் ஒரு பத்தி, எங்கோ ஒருவரின் ஒரு வாரத்துக்கு ஒளியேற்றும்!

இனி என் மீதிக் கதை. அந்தக் குழலை நான் அன்றே வெங்கடம்மாளிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் அது ஒன்றுதான் கேட்காமல் வைத்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. அதே டிக்கைப் போட்டு வைத்த பெட்டிகள் இன்னும் பதினான்கு இருந்தன. சாஜிதாவுக்குக்கூடத் தெரியாது. அதுதான் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக, வாரம் ஒன்றாக, பதினான்கு கதவுகளையும் தட்டினேன். டீக்கடை, மில் காம்பவுண்டு, வீட்டு மதில். “உங்களைக் கேக்காம வெச்சுட்டேனுங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொன்னேன். ஒருவர் கத்தினார். அவரோடு சேர்த்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்; அங்கேயே எடுத்துவிட்டேன். பதினொரு பேர் சரியென்றார்கள். அந்தப் பதினொருவரில் நான்கு பேர், இது என்ன கூட்டம் என்று பார்க்க இன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களுக்கே தெரியாமல் எங்கள் பெட்டிகளைச் சுமந்தவர்கள் இன்று எங்களோடு அமர்ந்திருக்கிறார்கள்! இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எந்தக் குறியீட்டில் கிடைக்கும்? கேட்டு வைத்தால் இடம் மட்டுமா கிடைக்கிறது? இடத்தோடு ஓர் உறவும் அல்லவா கிடைக்கிறது!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாடியில் நாதஸ்வரமும் தொடங்கிவிட்டது. அறிவிக்கிறேன்.

அந்தப் பெட்டியைத் தேடி வந்தவர்கள் எழுபத்தொரு பேர். விருப்பப் புள்ளி வழங்கியவர்கள் அறுபத்துநான்கு பேர். இந்த ஆண்டின் மிகப் பிரியமான பெட்டி, வெங்கடம்மாள் தோட்டத்துப் பெட்டி!

முன்வரிசையில் இருக்கிறார். எழுந்திருக்க மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். “என்னங்க இது, எனக்கெதுக்குங்க மேடையெல்லாம்” என்கிறார். சாஜிதா அவர் கையைப் பிடித்துவிட்டார். இதோ எழுந்துவிட்டார். இதோ வருகிறார்! செவிமடுத்த தாய்மார்களுக்கும், சிரித்து என்னை மன்னித்த தோழர்களுக்கும், இடம் கொடுத்த பதினொரு நல்ல உள்ளங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி, ஒலிவாங்கியை அவருக்கு விட்டு நகர்கிறேன். உட்கார்ந்தபடி கைதட்டவேண்டாம். அனைவரும் எழுந்து நில்லுங்கள். வாங்க, வெங்கடம்மா, வணக்கமுங்க!